சின்ன வேலைக்கும் ஒரு கடிதம் போடுங்கள்

அன்புள்ள ஐயா,

வட்டுக்கோட்டையிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. உங்கள் சபையின் பொறுப்பில் உள்ள பழைய மடம் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் என்று வர்த்தமானியில் வந்துவிட்டதையும், அதில் நான்கு வேலைகள் செய்ய உத்தேசித்திருப்பதையும் எழுதியிருந்தீர்கள். உவர் ஏறிப் பொரிந்து உதிரும் சுவருக்குச் சீமெந்து பூசுவது ஒன்று. ஒழுகும் ஓட்டைக் கழற்றிவிட்டுத் தகரம் போடுவது இரண்டு. உள்ளே புழுக்கம் தாங்க முடியாததால், சோளகம் வரட்டும் என்று மேற்குச் சுவரில் ஒரு யன்னல் வைப்பது மூன்று. முதியவர்களும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் ஏறுவதற்கு வாசலில் ஒரு சாய்தளம் அமைப்பது நான்கு. எல்லாம் சின்ன வேலைகள், இவற்றுக்கும் அனுமதி கேட்டுக் காத்திருக்கத்தான் வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள்.

மடத்தின் பெயரை வெளியிட வேண்டாம் என்ற உங்கள் விருப்பத்தை மதிக்கிறேன். ஆனால் பதிலைப் பொதுவில் எழுதுவதற்கு இடம் தாருங்கள். உங்கள் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இருக்கும் ஆலய சபைகளும் திருச்சபைகளும் பழைய நாற்சார் வீடுகளின் உரித்தாளர்களும் வலிகாமம் முழுவதும் இருக்கிறார்கள்.

கேட்கத்தான் வேண்டும், ஐயா. நான்கு வேலைக்கும் கேட்க வேண்டும். பழைய கட்டடங்களில் மாற்றமே கூடாது என்று எண்ணுகிறவன் அல்ல நான். மாற்றம் செய்துகொண்டே வந்ததால்தான் நமது பழைய கட்டடங்களில் மிஞ்சியவை மிஞ்சின. கேளாமலும் எழுதி வைக்காமலும் செய்த மாற்றங்களால்தான் மற்றவை போயின. இந்தக் கடிதத்தில் நான் சொல்ல விரும்புவதெல்லாம் இவ்வளவே. மீதி, அதற்கான காரணங்கள்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டமே இன்றும் நமக்கு அடிப்படை. 1998இல் அதைத் திருத்தித் தண்டனைகளைக் கடுமையாக்கினார்கள். பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் ஒன்றில் புனரமைப்போ, திருத்த வேலையோ, மாற்றமோ, புதிதாகச் சேர்ப்பதோ எதுவானாலும், தொல்பொருளியல் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதிப் பத்திரத்தோடு செய்ய வேண்டும்; அல்லது உரித்தாளரும் அவரும் முன்கூட்டியே செய்துகொண்ட உடன்படிக்கையின்படி செய்ய வேண்டும். வேலை சின்னதா பெரியதா என்று சட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை. கட்டடம் தனியார் காணியில் நிற்கிறதா, அரச காணியில் நிற்கிறதா என்பதும் இங்கே விலக்குத் தராது.

உடன்படிக்கை என்ற வழியை நம்மவர்கள் அநேகமாகப் பயன்படுத்துவதில்லை. உங்கள் மடத்துக்கு அதுவே நல்லது என்று நினைக்கிறேன். வருடாவருடம் வரும் வேலைகளை, அதாவது உடைந்த ஓட்டை மாற்றுவது, சுண்ணாம்பு அடிப்பது, பீலி துப்புரவாக்குவது, கறையானுக்கு மருந்து அடிப்பது போன்றவற்றை, எப்படி, எந்தப் பொருளால் செய்வது என்று ஒருமுறை எழுதி ஒப்பமிட்டுவிட்டால், ஒவ்வொரு மாரிக்கு முன்னும் புதிதாக விண்ணப்பிக்கும் தேவை குறையும்.

சட்டத்தில் ஒரு தேதியும் உண்டு. 1815 மார்ச் 2க்கு முந்தியவற்றைச் சட்டம் இயல்பாகவே தொல்பொருளாகவும் பழைய நினைவுச்சின்னமாகவும் கொள்கிறது. அதற்குப் பிந்திய கட்டடம் என்றால், அமைச்சர் அதனைத் தனியே வர்த்தமானியில் அறிவித்தால்தான் அந்த நிலை கிடைக்கும். அந்த மார்ச் 2, கண்டி உடன்படிக்கை ஒப்பமான நாள். கண்டி இராச்சியத்தின் வரலாற்றுக்கு அது பொருத்தமான எல்லையாக இருக்கலாம். யாழ்ப்பாண இராச்சியமோ 1619இலேயே போர்த்துக்கேயரிடம் வீழ்ந்துவிட்டது. நாம் பெருமையோடு பேசும் கல்வி வரலாறு முழுவதும் 1815க்குப் பின்னர் எழுந்தது. உங்கள் ஊர்ச் செமினரி தொடங்கியது 1823இல். உதயதாரகைப் பத்திரிகை வெளிவந்தது 1841இல். நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியது 1848இல். யாழ்ப்பாணக் கல்லூரி பிறந்தது 1872இல்.

1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் வட்டுக்கோட்டைச் செமினரியில் பயின்றவர்கள். சங்கத் தமிழை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவர்களுள் முன்னோடியான தாமோதரம்பிள்ளை நடமாடிய வளவு அது. பிரதம நீதியரசராக இருந்த சேர் றிச்சட் ஒட்லியின் பெயரைத் தாங்கிய மண்டபம் அங்கே இருக்கிறது. அந்தக் காலத்துக் கட்டடம் எதற்கும் 1815 என்ற கோடு தானாகக் காவல் தராது. அவற்றின் முதற் காவல், அவற்றைப் பொறுப்பேற்று வைத்திருப்பவர்களின் பொறுப்புணர்வுதான். உங்கள் மடம் அந்தக் கோட்டுக்கு இப்பால் எழுந்திருந்தும் வர்த்தமானியில் இடம் பெற்றிருக்கிறது என்றால், அதை ஒரு சுமையாக எண்ணாதீர்கள். வட்டாரத்தில் எத்தனையோ கட்டடங்களுக்குக் கிடைக்காத கவனம் அது.

மாற்றம் கட்டடத்தைக் காக்கும் என்று சொன்னேன். அதற்குச் சாட்சி உங்கள் ஊரிலேயே உண்டு. வட்டுக்கோட்டைத் தேவாலயம் போர்த்துக்கேயர் காலத்தில் தோன்றியது. ஒல்லாந்தர் அதை எடுத்து 1678இல் புதுக்கிக் கட்டினார்கள். அதற்கு முன் அது எப்படி இருந்தது என்பதை இன்றும் நாம் பார்க்க முடிகிறது. யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தப் போதகராக இருந்த பிலிப்பு பால்டேயஸ் 1672இல் வெளியிட்ட நூலில், வலிகாமத்துத் தேவாலயங்கள் பலவற்றோடு வட்டுக்கோட்டைத் தேவாலயத்துக்கும் ஒரு சித்திரம் சேர்த்திருக்கிறார்.

ஒல்லாந்தர் போனபின் தேவாலயம் கவனிப்பாரற்றுக் கூரை இழந்தது. 1816இல் அமெரிக்க மிஷனரிமார் வந்தபோது நின்றவை பாழ்ச் சுவர்கள். ஆளுநர் றொபேட் பிறவுண்றிக்கிடம் கேட்டு, அவரது இசைவோடு, அந்தச் சுவர்களைத் திருத்திக் கூரை போட்டார்கள். கண்டி உடன்படிக்கை செய்ததும் இதே பிறவுண்றிக்தான். 1947இல் தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனம் உருவானபோது அந்தத் தேவாலயம் அதன் பேராலயமாயிற்று. போர்த்துக்கேயர் கையிலிருந்து இன்றுவரை அந்தக் கட்டடம் பட்ட மாற்றங்களை எண்ணிப் பாருங்கள். மாறாமல் இருந்திருந்தால் அது இன்று இருந்திராது.

அங்கிருந்து சங்கானைக்குப் போனால் அதே காலத்துத் தேவாலயம் இன்னொன்று நிற்கிறது. பால்டேயஸின் நூலில் அதன் சித்திரமும் உண்டு. அதற்குக் கூரை போட்டுத் தொடர்ந்து பயன்படுத்த யாரும் வரவில்லை. முருகைக்கல் சுவர்கள் வானத்தைப் பார்த்தபடி நிற்கின்றன. வட்டுக்கோட்டையில் மணி அடிக்கிறது, சங்கானையில் ஆல் முளைக்கிறது. ஆகவே, மடத்தைப் பயன்படுத்துவதற்கு ஏற்றபடி திருத்த வேண்டும் என்ற உங்கள் சபையின் எண்ணம் முற்றிலும் சரி. எப்படி என்பதில்தான் நாம் பேச வேண்டும்.

சுவரிலிருந்து தொடங்குகிறேன். நான்கு வேலைகளிலும் எனக்கு அதிகம் கவலை தருவது அதுதான். சின்ன வேலை என்று நீங்கள் முதலில் சொன்னதும் அதையே.

உங்கள் மடத்துச் சுவர் முருகைக்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் ஆனது. முருகைக்கல் உள்ளே சல்லடைபோலத் துளை உள்ளது. ஈரத்தை இழுக்கும், பின் வெளியே விடும். வட்டுக்கோட்டை நிலம் கடல் நீரேரிக்கு அருகில் இருக்கிறது. அராலிப் பக்கம் போகப் போகக் கிணறுகள் உவர்க்கும். மாரியில் அந்த உவர் நீர் அத்திவாரத்தின் வழியாக மேலே ஏறுகிறது. சுண்ணாம்புப் பூச்சு என்றால் ஈரம் வெயிலுக்கு ஆவியாகிப் போய்விடும்; உப்பு பூச்சின் மேல் வெள்ளையாகப் பூக்கும்; பூச்சு மெல்ல மெல்ல உதிரும். நமது மேசன்மார் அந்தப் பூச்சைச் சுவரின் காவலுக்கென்றே விட்டார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசினால் கல் தப்பிவிடும்.

அதன் மேல் சீமெந்து பூசினால் என்ன ஆகும்? சீமெந்து கல்லைவிட இறுக்கமானது; ஈரத்தை வெளியே விடாது. முதல் இரண்டு மூன்று வருடம் சுவர் புதிதுபோல் இருக்கும். எல்லோருக்கும் மகிழ்ச்சி. உள்ளே ஈரம் வழி தேடி இன்னும் மேலே ஏறும். முழங்கால் உயரத்தில் இருந்த உவர் தோள் உயரத்துக்கு வரும். உப்பு பூச்சுக்குப் பின்னால், கல்லின் துளைகளுக்குள்ளேயே படிகமாகும். படிகம் பருக்கும்போது கல்லின் முகம் உடையும். ஒரு நாள் சீமெந்து பாளம் பாளமாகக் கழன்று விழும். பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் அதில் முருகைக்கல்லின் மேற்தோல் ஒட்டியிருக்கும். அதற்குப் பிறகு சுண்ணாம்பு பூசினாலும் இழந்த கல் இழந்ததுதான்.

யாழ்ப்பாணத்துப் பழைய சுவர்களில் இந்தக் காட்சியைக் காணாத ஊர் இல்லை. சீமெந்து பூசியவர்கள் யாரும் கெடுதல் நினைத்துச் செய்யவில்லை. கட்டடம் அறிந்த ஒருவர் வந்து பார்த்து வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அனுமதி என்பதன் முதற் பயன் அந்த வாய்ப்புத்தான். ஆகவே சீமெந்தை உங்கள் விண்ணப்பத்திலிருந்தே எடுத்துவிடுங்கள். பதிலாக, நன்றாக ஊறி நீறிய சுண்ணாம்பும் கடல் உப்பு இல்லாத மணலும் சேர்த்துப் பூச அனுமதி கேளுங்கள். கூடவே, மாரித் தண்ணீர் சுவரடியில் தேங்காமல் ஓட ஒரு வாய்க்கால் வெட்டவும் கேளுங்கள். உவருக்கு அரைவாசி மருந்து அந்த வாய்க்காலில் இருக்கிறது. ஆனால் அதற்கு நிலத்தைத் தோண்ட வேண்டும். நினைவுச்சின்னத்தின் வளவில் தோண்டுவதற்குத் தொல்பொருள் திணைக்களத்தின் கண் அவசியம்.

அடுத்தது கூரை. மடத்தின் கூரை பனை வளையும் கைமரமும் சிலாகையும் வைத்து, மேலே பீலி ஓடு அடுக்கிய கூரை என்று எழுதியிருந்தீர்கள். ஒழுகுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஓடு அல்ல. உளுத்த சிலாகையும் அசைந்த ஓட்டு வரிசையும்தான். வைரம் பாய்ந்த பனை இலகுவில் போகாது. ஓர் ஓடாவியைக் கூட்டிக்கொண்டு ஏறி, எந்த மரம் நல்லது, எது போயிற்று என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். கெட்டதை மட்டும் அதே மரத்தால் மாற்றி, நல்ல ஓடுகளை மீண்டும் அடுக்கிவிட்டால் செலவு நீங்கள் பயப்படும் அளவுக்கு வராது.

தகரம் போட்டால் கூரையின் பாரம் குறைந்துவிடும். கேட்க நல்லதுபோல இருக்கும். ஆனால் ஓட்டின் பாரம் காற்றுக்கு எதிரான காவலும்கூட. 2008 நவம்பரில் நிஷா புயல் அடித்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். பாரமில்லாத தகட்டை அப்படிப்பட்ட காற்றிலும் பிடித்து வைப்பதற்குப் பழைய சுவரில் புதிதாக ஆணியும் கம்பியும் இறுக்க வேண்டிவரும். அது சுவரை வெடிக்க வைக்கும். வெயில் காலத்தில் தகரத்துக்குக் கீழே யாரும் இருக்கவும் முடியாது. புழுக்கத்துக்காக யன்னல் கேட்கும் உங்களுக்கு, ஓட்டை எடுத்துவிட்டால் யன்னல் வைத்தும் பயன் இருக்காது.

யன்னல் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்தத் தடித்த சுவர் இரண்டு முகங்களும் நடுவே சிறு கற்களும் சாந்தும் நிரப்பிய சுவர். நடுவில் வெட்டினால் இரு முகத்தையும் கட்டி வைத்த பிடி விட்டுவிடும். மேலே உள்ள பாரம் வேறு வழியில் இறங்கும். வெட்டிய இடத்தின் மூலையிலிருந்து வெடிப்பு ஓடும். மேற்குச் சுவரை வெட்டுவதற்கு முன் கூரையைப் பாருங்கள். பழைய மடங்களில் கூரையின் முகட்டிலும் சுவருக்கும் கூரைக்கும் இடையிலும் காற்றுப் போக வழி விட்டிருப்பார்கள். பிறகு வந்தவர்கள் வௌவாலுக்குப் பயந்து அவற்றை அடைத்திருப்பார்கள். அடைத்ததைத் திறந்து கம்பி வலை போடுவது மீட்கக்கூடிய வேலை. அதற்கு அனுமதி கிடைப்பதும் எளிது.

சாய்தளத்தை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். அது சலுகை அல்ல, உரிமை. அங்கவீனர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் இந்த நாட்டில் 1996இல் வந்தது. பொதுக் கட்டடங்களுக்குள் அவர்கள் சென்று வர வழி செய்யும் ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. யுத்தத்தில் கால் இழந்தவர்கள் இல்லாத கிராமம் நம்மிடம் இல்லை. பழைமையின் பெயரால் அவர்களை வாசலில் நிறுத்துவது எந்த மரபுக்கும் அழகல்ல. பழைய படியை உடைக்காமல், அதன் மேல் சாந்து ஊற்றாமல், பக்கவாட்டில் தனியாக நிற்கும்படி, மரத்தாலோ இரும்புச் சட்டத்தாலோ, சுவருக்கும் அதற்கும் ஒரு விரல் இடைவெளி விட்டு அமையுங்கள். நாளைக்கு இன்னும் நல்ல வழி ஒன்று தெரிந்தால் இதைக் கழற்றிவிடலாம். மடத்தில் ஒரு தழும்பும் இராது. 1964இல் வெனிஸ் நகரில் வகுத்த பட்டயம் முதல் இன்றுவரை, பழைய கட்டடங்களைப் பேணுவோர் வலியுறுத்துவதும் இப்படிப்பட்ட அடக்கத்தையே. அந்தப் பட்டயத்தோடு பிறந்த உலக அமைப்பான இக்கோமோஸுக்கு 1990களில் தலைவராக இருந்தவர் இலங்கையரான றோலண்ட் சில்வா. இந்த அறிவு நமக்கு அந்நியமானது அல்ல.

இனி, உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்துக்கு வருகிறேன். மற்ற எல்லாவற்றையும்விட அந்தப் பக்கமே என்னை அதிக நேரம் இருத்தி வைத்தது. “திணைக்களத்தை நாமாகக் கூப்பிட்டால் காணியும் போய்விடுமோ என்று சபையில் பலர் பயப்படுகிறார்கள்” என்று எழுதியிருந்தீர்கள்.

இந்தப் பயத்தை அறியாமை என்று யாரும் தள்ளிவிடக் கூடாது. குருந்தூர்மலையில் தொல்பொருளின் பெயரால் நடந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். வெடுக்குநாறிமலையில் மலையேற இரும்புப் படி வைத்ததுகூடப் பிணக்காயிற்று; 2024 மகா சிவராத்திரி அன்று வழிபடப் போனவர்கள் கைதானார்கள். 2020இல் கிழக்கு மாகாணத் தொல்லியலுக்கென அமைத்த ஜனாதிபதி செயலணியில் ஆரம்பத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இல்லை. தொல்பொருள் என்ற சொல்லைக் கேட்டதும் நம் மக்களுக்குக் காணி நினைவு வருவது இவற்றால்தான். போதாததற்கு, நினைவுச்சின்னத்தைச் சுற்றி 400 யார் தூரத்துக்குக் கட்டட வேலைகளைக் கட்டுப்படுத்தும் விதி ஒன்றும் இருக்கிறது. வட்டுக்கோட்டையில் 400 யார் என்றால் எத்தனை வளவுகள் அடங்கும் என்று உங்களுக்குத் தெரியும். அயலவர்கள் முகம் சுளிப்பதில் நியாயம் உண்டு.

ஆனாலும் இரண்டு விடயங்களைச் சபையில் எடுத்துச் சொல்லுங்கள். ஒன்று, தனியார் காணியிலுள்ள கட்டடத்தைப் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் என்று அறிவிப்பதால் உறுதி கை மாறுவதில்லை. காணி உங்கள் சபையின் பெயரிலேயே இருக்கும். அரசு காணியை எடுப்பதானால் அதற்கு வேறு சட்டம், வேறு நடைமுறை. இரண்டு, உங்கள் மடம் ஏற்கனவே வர்த்தமானியில் இருக்கிறது. நீங்கள் எழுதாமல் இருப்பதால் திணைக்களத்தின் கண்ணில் படாமல் இருந்துவிடப் போவதில்லை. எழுதாமல் வேலை செய்தால், சட்டத்தை மீறியவர்கள் என்ற பெயர் உங்களுக்கு வரும். அந்த நிலையில் உங்கள் குரல் பலவீனமாகும். முறையாக எழுதிக் கேட்ட சபைக்கு, உரித்தாளர் என்ற நிலையில் நின்று பேசும் பலம் இருக்கும். இந்தக் கட்டடத்தை யார் கட்டினார்கள், யார் பேணுகிறார்கள், யார் பயன்படுத்துகிறார்கள் என்பதை அரசின் கோவைக்குள் தமிழில் பதிவு செய்வதற்கு உங்கள் விண்ணப்பத்தைவிட நல்ல ஆவணம் கிடையாது.

ஒன்றும் செய்யாமல் இருப்பதன் விலையையும் அண்மையில் பார்த்தோம். நல்லூரில் மந்திரி மனை பாதுகாக்கப்பட்ட சின்னம்தான். ஆயினும் உரித்து, பொறுப்பு, அனுமதி என்ற இழுபறிக்குள் திருத்த வேலை தள்ளித் தள்ளிப் போயிற்று. 2025 செப்டெம்பர் மழையில் அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. அதன் மர வேலைப்பாடுகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது வீட்டில் நடந்த இழப்பு. மழை யாருடைய ஒப்பத்துக்கும் காத்திருக்கவில்லை. ஆகவே திணைக்களத்துக்கும் உரித்தாளருக்கும் சேர்த்தே சொல்கிறேன்: அனுமதி என்பது வேலையை நிறுத்தி வைக்கும் கதவாக ஆகக் கூடாது. வேலை நன்றாக நடப்பதற்கான வழியாக அது இருக்க வேண்டும்.

அந்த வழியை எளிதாக்கலாம். இங்கிலாந்துத் திருச்சபையின் தேவாலயங்களில் ஒரு நல்ல நடைமுறை உண்டு. அங்கே ஆயிரக்கணக்கான தேவாலயங்கள் நூற்றாண்டுகள் பழைமையானவை. எதை மாற்றினாலும் திருச்சபையின் நீதிமன்ற அனுமதி தேவை. ஆனால் 2015இல் வகுத்த விதிகளில் இரண்டு பட்டியல்கள் சேர்த்தார்கள். முதற் பட்டியலில் உள்ள சில்லறை வேலைகளை யாரிடமும் கேளாமலே, சொன்ன நிபந்தனைப்படி செய்யலாம். இரண்டாம் பட்டியலில் உள்ளவற்றுக்கு அப்பகுதியின் உயர் குருவானவர் எழுத்தில் இசைவு தந்தால் போதும். பெரிய வேலைகள் மட்டுமே முழு விசாரணைக்குப் போகும். எது எந்தப் பட்டியலில் என்று பாமரருக்கும் தெரியும்.

நமது தொல்பொருள் திணைக்களமும் இப்படி ஒரு பட்டியலைத் தமிழில், மேசனுக்கும் ஓடாவிக்கும் விளங்கும் தமிழில், வெளியிட வேண்டும். உடைந்த ஓட்டுக்கு அதே ஓடு போடுவதைக் கேளாமலே செய்யலாம் என்று சொல்லட்டும். சுண்ணாம்புப் பூச்சுக்கும் கழற்றக்கூடிய சாய்தளத்துக்கும் யாழ்ப்பாண அலுவலகமே குறித்த நாட்களுக்குள் பதில் தரட்டும். சீமெந்து, தகரம், சுவர் வெட்டுதல் போன்றவை மட்டும் மேலே போகட்டும். காலிக் கோட்டைக்கென்று 1994இல் தனிச் சட்டமும் மரபுரிமை மன்றமும் உருவாக்கிய நாடு இது. குடாநாட்டின் மடங்களுக்கும் நாற்சார் வீடுகளுக்கும் கேணிகளுக்கும் சுமைதாங்கிகளுக்கும், உள்ளூர் மக்களும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து அறிஞர்களும் இருந்து பேசும் ஒரு மன்றத்தைக் கேட்பது அதிகமான கேள்வி அல்ல.

விண்ணப்பத்தில் என்ன எழுதுவது என்று கேட்டீர்கள். கட்டடத்தின் நான்கு பக்கமும், உட்புறமும், கூரையின் அடிப்பக்கமும் தெளிவாகத் தெரியும் படங்கள் எடுங்கள். பழுதான இடத்தில் ஓர் அடிமட்டத்தை வைத்து எடுங்கள். அளவு படத்திலேயே தெரியும். நீள அகல உயரத்தை அளந்து ஒரு வரைபடம் கீறுங்கள். பெரிய கட்டடக் கலைஞர் வேண்டும் என்றில்லை. ஊரில் படவரைஞர் ஒருவர் இருந்தால் போதும். பிறகு ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக எழுதுங்கள்: எது பழுது, ஏன் பழுதானது, என்ன பொருளால், யார், எப்படித் திருத்தப் போகிறார்கள், அதைப் பிறகு கழற்ற முடியுமா. முதியவர்கள் நினைவில் உள்ள பழைய திருத்தங்களையும் சேருங்கள். உறுதியின் பிரதியையும் வர்த்தமானிப் பக்கத்தையும் இணைத்து, யாழ்ப்பாணத்திலுள்ள திணைக்கள அலுவலகத்தில் நேரில் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். சங்கானைப் பிரதேச செயலகத்துக்கும் வலி. மேற்குப் பிரதேச சபைக்கும் ஒவ்வொரு பிரதி கொடுங்கள். உங்கள் சபையில் ஒரு கோவை திறந்து எல்லாவற்றிலும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கோவையை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. 1995 ஒக்டோபரில் யுத்தத்தால் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழுந்து நடந்தது. திரும்பி வந்தபோது எத்தனை வீடுகளில் ஓடும் மரமும் இல்லை, பெட்டகத்தில் இருந்த உறுதியும் கணக்குப் புத்தகமும் இல்லை. நம் கட்டடங்களைப் பற்றி நாமே எழுதி வைத்தவை மிகக் குறைவு. இருந்தவற்றிலும் பல போய்விட்டன. 1672க்கு முந்திய வட்டுக்கோட்டைத் தேவாலயத்தைப் பற்றிப் பேச ஓர் ஒல்லாந்தப் போதகரின் நூலிலுள்ள சித்திரத்தை நாடுகிறோம். உங்கள் மடத்தைப் பற்றி நூறு ஆண்டுகளுக்குப் பிறகு பேசுபவர்கள் உங்கள் சபை எழுதிய விண்ணப்பத்தை நாடட்டும்.

ஆகவே, நான்கையும் ஒன்றாகக் கட்டி அனுப்பாதீர்கள். முதலில் சாய்தளத்துக்கு எழுதுங்கள். அதை மறுக்க யாருக்கும் மனம் வராது. திணைக்களமும் சபையும் ஒருவரை ஒருவர் அறிந்துகொள்ள அதுவே நல்ல தொடக்கம். அந்த அதிகாரி மடத்துக்கு வரும் நாளில் சுவரையும் கூரையையும் காட்டிப் பேசுங்கள். சுண்ணாம்புக்கும் ஓட்டுக்கும் அடுத்த விண்ணப்பத்தை அவரது ஆலோசனையோடு எழுதுங்கள். கார்த்திகை மழைக்கு முன் ஓட்டு வேலை முடிய வேண்டும் என்றால், ஆடிக்குள் கடிதம் போக வேண்டும். தாமதமானால் நினைவூட்டல் எழுதுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் எனக்கு எழுதுங்கள், இதே பக்கத்தில் நானும் சேர்ந்து கேட்கிறேன்.

அன்புடனும் மதிப்புடனும்.